மாட்டு வயிற்றில் களையெடுப்பு

வைக்கோலை மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் அசையூண் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செரித்துக் கொடுக்கின்றன. அந்த வயிற்றுச் சாற்றில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் பாக்டீரியா மட்டுமே ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும். புரோட்டோசோவாவும் பூஞ்சையும் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவும் தனி. நாரை நொதிக்க வைத்து இவை வெளிவிடும் கொழுப்பு அமிலங்கள்தான் மாட்டுக்கு ஆற்றல்.

ஆனால் அத்தனையும் மாட்டுக்காக உழைப்பவை அல்ல. சில பாக்டீரியாக்கள் எண்ணிக்கையில் கொஞ்சமே என்றாலும், அமினோ அமிலங்களை வேகவேகமாக அம்மோனியாவாகச் சிதைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிப் போட்ட புண்ணாக்கின் சத்தில் ஒரு பங்கு இப்படி யூரியாவாகிச் சிறுநீரில் போகிறது. தீவன ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகி ஏப்பத்தில் வெளியேறுகிறது.

பயிரை விட்டுக் களையை மட்டும் பிடுங்க முடியுமா? அமெரிக்காவில் 1970களிலிருந்து இதற்கு மோனென்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலக்கிறார்கள். வளர்ச்சிக்காக இத்தகைய மருந்துகளைக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது. பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று அழிக்கத் தாமே செய்துகொள்ளும் சிறு புரதத் துண்டுகள், அதாவது பெப்டைடுகள், மாற்றாகப் பேசப்படுகின்றன.

பாலாடைக்கட்டி கெடாமலிருக்கச் சேர்க்கும் நைசின் அவற்றில் ஒன்று. மொத்தம் 34 அமினோ அமிலங்கள். எதிரி பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்ட வைத்திருக்கும் கொழுப்பு மூலக்கூறை அது பற்றிக்கொள்கிறது. சுவர் வேலை நிற்கிறது. அதே இடத்தில் சவ்விலும் ஓட்டை விழ, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிகிறது. வெளிச்சவ்வு உள்ள கிராம் எதிர்மறை பாக்டீரியாக்களிடம் இது அவ்வளவாகப் பலிக்காது. தேர்ந்தெடுத்துத் தாக்கும் தன்மை இப்படித்தான் வருகிறது. ஆனாலும் நாரைச் செரிக்கும் ருமினோகாக்கஸ் வெளிச்சவ்வு இல்லாத கிராம் நேர்மறை வகை. அதற்கும் அடி விழலாம்.

மாட்டு வயிற்றிலேயே பிறந்த பெப்டைடு போவிசின் எச்.சி.5. அதைச் செய்வது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ். அரிசிச் சோற்றை அளவுக்கு மீறி வைத்தால் பெருகி, வயிற்றை அமிலமாக்கி, மாட்டையே சாய்த்துவிடும் அதே இனம்! நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரஸ்ஸல் குழுவினர் 2002இல் இந்தப் பெப்டைடைப் பற்றி வெளியிட்டார்கள். வயிற்றுச் சாற்றைக் குழாயில் வைத்துச் சோதித்தபோது மீத்தேன் பாதியளவு குறைந்தது. அம்மோனியா உண்டாக்கும் பாக்டீரியாக்களும் அடங்கின.

குழாயில் பலித்தது மாட்டுக்குள்ளும் பலிக்குமா என்பதில்தான் சிக்கல். பெப்டைடும் புரதமே ஆகையால் வயிற்று நொதிகள் அதையும் தின்றுவிடக்கூடும். இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. ரஸ்ஸலும் ஹிலாரியோ மன்டோவானியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸை நைசினில் வளர்த்தபோது, முதலில் பெருமளவு செத்தது. தப்பியவை பழகிக்கொண்டு முன்போலவே வளர்ந்தன. அப்படிப் பழகியவை ஆம்பிசிலினையும் தாங்கி நின்றன. ஆம்பிசிலின் மாட்டுக்கும் மனிதருக்கும் இன்றும் கொடுக்கும் மருந்து. தீவனத்தில் சேர்க்கக் கொண்டுவரும் எந்தப் பெப்டைடையும் முதலில் இந்தச் சோதனைக்கு உட்படுத்திவிட்டுத்தான் தொழுவத்துக்கு அனுப்ப வேண்டும்.