மோட்டார் வாகனத் தொழிலாளரின் சீருடையும் சூழலும்

மோட்டார் வாகனக் கைத்தொழிலுக்கும் சூழலுக்குமுள்ள தொடர்பு ஆராயப்படும்போது, வாகனம் வெளியேற்றும் புகையே பெரும்பாலும் கருத்திற் கொள்ளப்படுகின்றது. அவ்வாகனத்தை ஆக்குவோர் அணியும் உடையைப் பற்றி நினைப்பார் மிகச் சிலரே. ஆயினும், பெரிய வாகனத் தொழிற்சாலையொன்றில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் சீருடை அணிகின்றனர். அவ்வுடைகள் நெய்யப்பட்டு, சாயமூட்டப்பட்டு, எண்ணெயும் உலோகத் தூளும் படிந்து, பன்முறை சலவை செய்யப்பட்டு, ஈற்றிற் கழிக்கப்படுகின்றன. அண்மைக் காலத்திற் ‘சூழலுக்கு உகந்த சீருடை’ என்னும் பெயருடன் பல உடைகள் சந்தைக்கு வந்துள்ளன. அப்பெயர் பெரும்பாலும் உடையின் இழையைக் கொண்டே சூட்டப்படுகின்றது. இழையை மட்டும் நோக்குதல் போதாது. உடையிற் படிந்த அழுக்கு எங்கே செல்கின்றது என்பதே முதலில் எழுப்பப்பட வேண்டிய வினா என்பது எமது கருத்து.

தொழிலுடைக்குப் பெரிதும் பயன்படுவன பருத்தியும் பொலியெஸ்ரரும் இவ்விரண்டின் கலப்புமேயாம். பொலியெஸ்ரர் இழை 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இரு இரசாயனவியலாளராற் கண்டறியப்பட்டது. 65 சதவீதம் பொலியெஸ்ரரும் 35 சதவீதம் பருத்தியும் கொண்ட துணி தொழிலுடைக்கு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஒன்று உறுதியையும் விரைவில் உலரும் தன்மையையும் தருகின்றது. மற்றது வியர்வையை உறிஞ்சுகின்றது. பொலியெஸ்ரர் கனிய எண்ணெயிலிருந்து பெறப்படுவதால் தீயது, பருத்தி செடியில் விளைவதால் நல்லது எனப் பிரித்துரைப்பது எளிது. ஆனால், மத்திய ஆசியாவில் 1960கள் தொடக்கம் பருத்திச் செய்கைக்காக ஆற்றுநீர் திருப்பப்பட்டமையே ஏரல் கடல் வற்றியமைக்கு முதன்மைக் காரணமாயிற்று என்பதை நாம் மறத்தல் இயலாது. மறுபுறம், பழைய பிளாத்திக்குப் போத்தல்களிலிருந்து பெற்ற பொலியெஸ்ரரும் குறையற்றதன்று. மீண்டும் போத்தலாகக்கூடிய பொருள் துணியாகியதும் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றது. அன்றியும், பொலியெஸ்ரர் உடையொன்று ஒருமுறை சலவை செய்யப்படும்போதே 1900க்கும் மேற்பட்ட நுண்ணிழைகளை உதிர்க்கக்கூடும் என 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இழை புதியதாயினும் மீள்சுழற்சியினாற் பெறப்பட்டதாயினும் இவ்வுதிர்வு நிகழவே செய்யும்.

எவ்விழையைத் தெரிவதென்பதும் தொழிற்சாலை நிருவாகத்தின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. வெல்டிங் பகுதியில் தீப்பொறி பறக்கும். பொலியெஸ்ரர் ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளுமாதலால், அங்கு பொசுபரசுச் சேர்வைகளாற் பதனிடப்பட்ட, எளிதில் தீப்பற்றாத பருத்தித் துணியே பெரிதும் பயன்படுகின்றது. வர்ணம் பூசும் பகுதியிலோ நிலைமை நேர்மாறானது. பருத்தியிலிருந்து உதிரும் சிறு தும்பு ஈர வர்ணத்திற் படிந்தால் அவ்விடத்தை மீண்டும் தேய்த்துப் பூசவேண்டும். ஆகவே, அங்கு பணிபுரிவோர் தும்பு உதிராத தொடரிழைப் பொலியெஸ்ரர் உடையை அணிகின்றனர். நிலைமின் திரளாதிருக்கக் கரியிழையும் அதனுடன் சேர்த்து நெய்யப்படுகின்றது. சிலிக்கோன் அங்கு பெரும் பகை. அதன் மிகச் சிறு சுவடும் வர்ணப் படையிற் குழிகளைத் தோற்றுவிக்கும். துணியை மென்மையாக்கும் பதனப் பொருள்கள் பலவற்றிற் சிலிக்கோன் உண்டு. எனவே, தைக்கும் நூல் முதல் சலவைக்கூடத்தில் இடப்படும் பொருள்வரை யாவும் சோதிக்கப்பட வேண்டியுள்ளன. உடல் பொருத்தும் பகுதிகளிற் பொத்தான்களும் சிப்புகளும் வெளியே தெரியாதவாறு மூடித் தைக்கப்படுகின்றன. இது தொழிலாளரைக் காப்பதற்கன்று, வாகனத்திற் கீறல் விழாது காப்பதற்கேயாம்.

துணியில் எண்ணெய் ஊறாதிருக்க இடப்படும் பதனமும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. புளோரின்-காபன் சேர்வைகளே இதற்கு மிக ஏற்றனவாகக் கொள்ளப்பட்டன. இவற்றுட் சில இயற்கையிற் சிதையாதனவும் உயிரினங்களின் உடலிற் சேர்வனவுமாதலால், ஸ்ரொக்கோம் சமவாயத்தின் பட்டியலில் 2009இலும் 2019இலும் 2022இலும் சேர்க்கப்பட்டன. பருத்தி முற்றிலும் இரசாயன உரமின்றி விளைந்ததாயினும், அதன்மீது இத்தகைய பதனம் இடப்பட்டிருப்பின் அத்துணியைச் சூழலுக்கு உகந்தது என்பது எவ்வாறு பொருந்தும்?

இனி, அழுக்கின் வழியைப் பின்தொடர்வோம். சூழல் என்னும் சொல் ஆறுகளையும் காடுகளையுமே நினைவூட்டினும், தொழிலாளி ஒருவருக்கு மிக அணுக்கமான சூழல் அவரது வீடேயாகும். வாகனங்களுக்கான ஈயப் பற்றரிகளைச் செய்யும் தொழிற்சாலைகளில் ஈயத்தூள் உடையிற் படிகின்றது. அவ்வுடையுடன் ஒருவர் வீடு திரும்பினால், அத்தூள் வாகன இருக்கையிலும் பாயிலும் படுக்கையிலும் படிந்து, தவழும் குழந்தையின் கையை அடைகின்றது. வளரும் மூளையை ஈயம் பாதிப்பதால், தொழிற்சாலைக்குள் ஒருபோதும் காலடி வைக்காத குழந்தையே பெருந்தீங்குக்கு உள்ளாகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1978இல் வகுக்கப்பட்ட ஈயம் பற்றிய தொழிற்பாதுகாப்பு விதிகள் இதனை உணர்ந்தே அமைந்தன. பாதுகாப்பு உடையைத் தொழில் கொள்வோரே வழங்கிச் சலவை செய்விக்க வேண்டும். குறைந்தது வாரம் ஒருமுறையும், காற்றில் ஈயம் கனமீற்றருக்கு 200 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட இடங்களில் நாள்தோறும் தூய உடை தரவேண்டும். உடையை உதறியோ காற்றை ஊதியோ தூளை அகற்றலாகாது. சலவை செய்வோருக்கு ஈயத்தின் தீங்கு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும் என அவை விதித்தன. உடையின் இழை பற்றி இவ்விதிகள் பேசவில்லை. எனினும், ‘பசுமை’ என்னும் முத்திரை பொறித்த பல உடைகளைக் காட்டிலும் இவ்விதிகளே சூழலைக் காத்தன என்று நாம் கருதுகின்றோம். அசுபெசுத்தொசுத் தொழிலாளரின் உடைகளைத் துவைத்த மனைவியர் நோயுற்றமை 1965இல் இலண்டன் ஆய்வொன்றில் வெளிப்பட்டது. தடுப்புக் கருவிகளுக்கு அசுபெசுத்தொசு பயன்பட்ட காலத்தில் வாகனத் தொழிலுக்கும் இது அந்நியமானதன்று.

ஆகவே, சலவையை வீட்டினின்றும் அகற்றித் தொழிற்கூடத்திடம் ஒப்படைத்தல் செலவாயினும் தக்கதே. பெரிய சலவைக்கூடங்களில் உடைகள் ஒரு திசையிலும் நீர் எதிர்த்திசையிலும் செல்லும் பொறிகள் உள்ளன. ஈற்றில் அலசிய நீரே முதலில் அழுக்கை நீக்கவும் பயன்படுவதால் நீர் மிஞ்சுகின்றது. எண்ணெயையும் உலோகத்தையும் நீரினின்றும் பிரித்தெடுக்கவும் அங்கு இயலும். வீட்டுக் கிணற்றடியில் இவற்றுள் எதுவும் இயலாது. தீப்பற்றாத் துணியைப் பொறுத்தவரை வேறொரு கேடுமுண்டு: குளோரின் வெளிற்றி பதனத்தைச் சிதைக்கும், வன்னீரிற் கரையாத சவர்க்காரப் படிவோ தானே தீப்பற்றும். ஜேர்மனியில் 1908இல் தொடங்கப்பட்ட மேவா என்னும் நிறுவனம், பொறி துடைக்கும் துணிகளை வாடகைக்கு வழங்கி, அழுக்கடைந்தவற்றைத் திரும்பப் பெற்றுச் சலவை செய்து மீண்டும் அனுப்பி வருகின்றது. துணிகளிலிருந்து பிரித்தெடுக்கும் எண்ணெயையே அது சலவைக்கான வெப்பத்தைப் பெறவும் எரிக்கின்றது. வாடகை முறையில் உடை சலவை செய்வோரின் உடைமையாகின்றது. அது நெடுநாள் உழைப்பதும் கிழிந்தவிடத்துத் தைக்கத்தக்கதாயிருப்பதும் அவர்களுக்கே இலாபம். குறைந்த விலை கேட்டு ஆண்டுதோறும் கேள்விப்பத்திரம் கோரும் முறையில் இவ்வக்கறைக்கு இடமில்லை.

ஈற்றில் உடை கிழிந்து கழிகின்றது. கம்பனியின் சின்னம் பொறித்த சீருடையைப் பிறருக்கு விற்பதை நிருவாகங்கள் விரும்புவதில்லை. கலப்புத் துணியிலிருந்து பருத்தியையும் பொலியெஸ்ரரையும் வேறுபடுத்தும் இரசாயன முறைகள் உருவாகியுள்ளன. அவை இன்னும் பெருவழக்குப் பெறவில்லை. கிழித்துப் பஞ்சாக்குதலே எளிய வழி. அதனால் இழை குறுகி மீண்டும் நூற்க உதவாது போகின்றது. வட அமெரிக்காவில் ஹொண்டா நிறுவனம் தன் தொழிலாளரின் பழைய சீருடைகளைப் பஞ்சாக்கி, வாகனங்களுள் ஒலியைத் தணிக்கும் படையாகப் பயன்படுத்துகின்றது. வாகனம் செய்தவரின் உடையே அவ்வாகனத்தின் உறுப்பாவது மனத்தைக் கவரும் செய்திதான். ஆயினும், அவ்வாகனம் பழுதாகி நொறுக்கப்படும்போது உலோகம் பிரிக்கப்பட, துணியும் நுரையும் கலந்த எச்சம் பெரும்பாலும் நிலத்திற் புதைக்கப்படுகின்றது அல்லது எரிக்கப்படுகின்றது. எனவே, இதனை முடிவற்ற சுழற்சி எனப் போற்றாது, கழிவாகும் நாளைப் பல ஆண்டுகள் பின்போடும் பயனுள்ள ஏற்பாடெனக் கொள்ளுதலே பொருத்தமாகும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த சூழலிசை வடிவமைப்பு ஒழுங்குவிதி, இறக்குமதிப் பொருள்களையும் உள்ளடக்குகின்றது. அதன் முதற் செயற்றிட்டத்தில் துணிவகைகளுக்கு முன்னுரிமை தரப்பட்டுள்ளது. உறுதி, திருத்தத்தக்க தன்மை, மீள்சுழற்சிக்கு ஏற்ற தன்மை, தீங்கான பொருள்கள் என்பன பற்றிய விவரங்கள் பொருளுடன் இணைந்து செல்லவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. எமது நாடு ஐரோப்பாவுக்கு ஆடை தைத்து அனுப்புகின்றது. பொத்தானை எவ்வாறு மூடித் தைப்பது என்று இதுவரை வினவப்பட்ட தையற்கூடம், அதனை எவ்வாறு எளிதிற் கழற்றுவது என்றும் இனி வினவப்படும்.