பல் வைத்தியரின் கையும் கழுத்தும்

பல் வலி வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கும்போது நம் கவனமெல்லாம் நம் பல்லின் மேலேயே இருக்கிறது. அருகில் குனியும் வைத்தியருடைய கழுத்தை யார் கவனிக்கிறார்கள்? சுண்டுவிரல் நகத்தளவே உள்ள பல்லுக்குள், அதுவும் இருண்ட வாய்க்குள், மயிரிழை பிசகாமல் நாள் முழுதும் வேலை செய்யும் தொழில் அது. கழுத்து வலியும் இடுப்பு வலியும் அத்தொழிலோடு கூடவே வருகின்றன. அவற்றின் வித்து கலாசாலையிலேயே ஊன்றப்படுகிறது என்பது நமது அபிப்பிராயம்.

அமெரிக்காவில் கற்றுத் திரும்பிய டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் நம் தேசத்தின் முதற் பல் வைத்தியக் கலாசாலையை ஸ்தாபித்தார். இன்று அத்தகைய கலாசாலைகள் தேசமெங்கும் இருக்கின்றன. அவற்றில் சேர்கிறவர்கள் எழுத்துப் பரீட்சையில் தேறியவர்கள். உளியையோ ஊசியையோ தொட்டறியாத கைகளும் அவர்களுள் உண்டு. (கோலமிட்டும் பூத்தொடுத்தும் பழகிய பெண்கள் சற்றுப் பாக்கியசாலிகள்!) ஆகவே முதல் வருஷத்தில் மெழுகுக் கட்டியைக் கொடுத்து, அளவு தவறாமல் பல்லைச் செதுக்கச் சொல்கிறார்கள். அப்புறம் பொம்மைத் தலை வருகிறது. 1894-ல் ஆஸ்வால்டு பெர்கஸ் என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு இது. வலிக்கிறதென்று அலறத் தெரியாத இந்தத் தலையில் பழகிய பின்பே உயிருள்ள வாய்க்குப் போகலாம்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மேல் வரிசைக் கடைவாய்ப் பல்லை நேரே பார்ப்பது கஷ்டம். சிறு கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தே குடைய வேண்டும். பிம்பத்தில் முன்பக்கம் பின்பக்கமாகத் தோன்றுவதால் கை தடுமாறுகிறது. உடனே மாணாக்கன் கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, கழுத்தை முறுக்கி நேரே எட்டிப் பார்த்து வேலையை முடித்துவிடுகிறான். முடிந்துவிட்டதே என்ற திருப்தியில் அந்த முறுக்கு வழக்கமாகிவிடுகிறது. கண்ணாடிக்குப் பழகாத கையின் குறையை ஆயுள் முழுதும் கழுத்துச் சுமக்க வேண்டியதாகிறது.

சரியான முறை கடினமன்று. இரு பாதங்களும் தரையில் படிய உட்கார வேண்டும். முழங்கை விலாவை ஒட்டியிருக்க, நோயாளியின் வாய் ஏறக்குறைய முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். ஆயுதத்தைப் பேனாவைப் போல் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டால் தோள் இறுகுவதில்லை. தன் கழுத்தைத் திருப்புவதற்கு முன் நோயாளியின் தலையைத் திருப்பச் சொல்ல வேண்டும்.

பரீட்சகர் கையில் எடுத்துப் பார்ப்பது முடிந்த பல்லை. அதைக் குடைந்தபோது முதுகு எப்படி வளைந்திருந்தது என்பது அதில் எழுதியிராது. ஆகையால் உபாத்தியாயர் வேலை நடக்கும்போதே பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். சக மாணாக்கன் ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. நூறு தடவை "நிமிர்ந்து உட்கார்" என்று சொல்வதைவிட அது நன்றாக உறைக்கும்.

இடது கைப் பழக்கமுள்ளவர்கள் பாடுதான் பரிதாபம். வலது கைக்காரருக்கென்று அமைத்த நாற்காலியில் அவர்கள் உடம்பைத் திருகிக்கொண்டுதான் தொழில் கற்க வேண்டியிருக்கிறது. தட்டையும் விளக்கையும் மறுபக்கம் மாற்றி வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?