மிச்சமிருக்கும் இரண்டு சிப்கள்

ரிச்சி தெருவுக்கு எல்எம்3886 ஆம்ப்ளிஃபயர் சிப் வாங்கப் போகிறவர்கள் இரண்டோடு திரும்புவதில்லை. எரிந்தால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று நாலாக வாங்கி வருவோம். ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு போதும். அது நன்றாகப் பாட ஆரம்பித்ததும், மிச்சமிருக்கும் இரண்டைச் சும்மா விட மனசு வராது. "அண்ணே, பிரிட்ஜ் போட்டுடலாமா?" என்று என்னிடம் வருகிற பையன்கள் நிறைய. "உன் ஸ்பீக்கர் எத்தனை ஓம் தம்பி?" என்பேன் நான்.

பிரிட்ஜ் என்றால் ஒரே ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு சிப். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். ஸ்பீக்கருக்கு வோல்டேஜ் இரட்டிப்பு. கணக்குப்படி வாட் நாலு மடங்கு. ஆனால் ஒவ்வொரு சிப்புக்கும் அந்த ஸ்பீக்கர் பாதி ஓமாகத்தான் தெரியும். 8 ஓம் 4 ஆகும். 4 ஓம் 2 ஆகிவிட்டால் சிப்பின் உள்காப்பு குறுக்கிட்டு, பாட்டு வெட்டி வெட்டி வரும். சூடு இன்னும் பெரிய விஷயம். ±28 வோல்ட் சப்ளையில் 8 ஓம் ஸ்பீக்கரைத் தனியாக ஓட்டும் சிப் அதிகபட்சம் 20 வாட் அளவுக்குச் சூட்டைக் கக்கும். பிரிட்ஜில் சிப்புக்கு 40. இரண்டும் சேர்ந்து 80. பழைய ஹீட் சிங்க் இதைத் தாங்காது. இத்தனைக்குப் பிறகு 38 வாட் 100 வாட் ஆனாலும் கூடுவது 4 டெசிபல் சொச்சம்தான். காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும்.

4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்குப் பாரலல் பொருந்தும். வோல்டேஜ் அதேதான், கரன்ட்டை இரண்டு சிப்களும் பங்கிட்டுக்கொள்ளும். இங்கே நுணுக்கம் வேண்டும். இரண்டின் வெளியீட்டிலும் 0.1 ஓம் ரெசிஸ்டர் போட்டு இணைக்கிறோம். வெளியீடுகளுக்குள் 20 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே, பாட்டே இல்லாதபோதும் 100 மில்லிஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடி வீணாகும். அதனால் கெயின் ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து, ஒத்த ஜோடியாகப் பொறுக்க வேண்டும்.

என் யோசனை வேறு. சாதாரண வீட்டு ஹாலுக்கு வாட் போதாமல் போவதே அபூர்வம். மிச்சமிருக்கும் இரண்டையும் ட்வீட்டர்களுக்குக் கொடுங்கள். என்இ5532 ஆப்-ஆம்ப் வைத்துச் சின்னதாக ஒரு ஆக்டிவ் கிராஸ்ஓவர் போட்டு, 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊஃபர் சிப்புக்கும் மேலே ட்வீட்டர் சிப்புக்கும் பிரித்துவிட்டால், ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் தேவைப்படாது. நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். தவிலின் தொப்பியில் பலமாக அடி விழுந்து ஊஃபர் சிப் திணறினாலும், தாளத்தின் கணீர் ஓசை கலங்காது. ஒரே சிப் இரண்டையும் சுமக்கும்போது அந்தத் திணறல் தாளத்தையும் சேர்த்துக் கெடுக்கும். இந்தத் தெளிவை எத்தனை வாட் கூட்டினாலும் வாங்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

நாலு சிப்பையும் ஒரே ஹீட் சிங்கில் முறுக்குபவர்கள் கவனிக்க: டி வகையின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு உள்ளுக்குள்ளேயே இணைந்திருக்கிறது. மைக்காவும் பிளாஸ்டிக் வாஷரும் போட்டு, மீட்டரில் ஷார்ட் இல்லை என்று பார்த்த பிறகே சப்ளை கொடுக்க வேண்டும். ட்வீட்டருக்கு முன்னால் 22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக விட்டுவையுங்கள். சிப் பழுதாகி டிசி வெளியே வந்தாலும் அந்த மெல்லிய காயில் பிழைத்துக்கொள்ளும்.