இறந்தபின் கொடுக்கும் திசு: கையெழுத்துக்கு முன் அறிய வேண்டியவை

முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் எலும்புக்குப் பரவுகிறது. முதுகெலும்பு, இடுப்பு, கல்லீரல் எனப் பல இடங்களில் வளரும் கட்டிகளையெல்லாம் உயிரோடிருப்பவரிடமிருந்து எடுத்து ஒப்பிட முடியாது. அதனால் அமெரிக்காவில் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் 1990களில் விரைவு உடற்கூறாய்வைத் தொடங்கின. நோயாளி இறந்த சில மணி நேரத்துக்குள் திசு எடுக்கப்படுகிறது, தாமதித்தால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். மிச்சிகனில் ஒருவரின் முதுகெலும்புக் கட்டியிலிருந்து உருவான ‘வீகேப்’ செல்கள் இன்றும் உலகின் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றன.

அங்குள்ள உடல்தானச் சட்டப்படி, வயதுவந்தவர் தாமே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் இறப்புக்குப்பின் குடும்பத்தார் அதை ரத்துசெய்ய முடியாது. அவரோ உயிருள்ளவரை எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம். ஆனாலும் வீட்டாரிடம் சொல்லாமல் வைத்த கையெழுத்தால் பயனில்லை. மரணச் செய்தி உடனே ஆய்வுக்குழுவுக்கு எட்டாவிட்டால் திசு வீணாகிவிடும்.

பலர் கவனிக்காத சிக்கல் உடைமை. புராஸ்டேட் அறுவைச் சிகிச்சை மருத்துவர் வில்லியம் கேட்டலோனா, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, சுமார் 6,000 பேர் தங்கள் புராஸ்டேட் திசுவை அவரிடமே ஒப்படைக்கும்படி எழுதிக் கொடுத்தனர். அவை அறுவைச் சிகிச்சையில் எடுத்தவை. கொடுத்தது கொடை, அது பல்கலைக்கழகத்துக்கே சொந்தம் என்று 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரோடிருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், இறந்தவர் சார்பில் கேட்பது எளிதல்ல.

அடுத்தது மரபணு. பிஆர்சிஏ2 என்ற மரபணுவின் பிறழ்வு தந்தையிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி வாய்ப்பில் வரும். மகளுக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். ஆய்வில் அது தெரிந்தாலும் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் ஆயுள் காப்பீட்டைத் தொடுவதில்லை. மனிதர்மீதான ஆய்வுக்கான கூட்டாட்சி விதிகளோ உயிருள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆகவே கேட்க வேண்டியதை ஒப்புதல் படிவத்திலேயே கேட்டுவிட வேண்டும். திசு தனியார் நிறுவனத்துக்குப் போகுமா, லாபத்தில் பங்குண்டா, மரபணு முடிவு யாருக்குத் தெரிவிக்கப்படும், உடலைக் கொண்டுசெல்லும் செலவு யாருடையது? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது. வாய்வார்த்தை நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

ஆய்வு விதிகள் இறந்தவருக்குப் பொருந்தாவிட்டாலும், மருத்துவமனையிடமுள்ள அவரது நலத் தகவல்களுக்கு இறந்தபின் 50 ஆண்டுகள் வரை சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை கசிந்தால், தெரியவந்த 180 நாட்களுக்குள் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.