புற்றுநோய் போய்விட்டது, பைல் எங்கே?

சிறுவயதில் ரத்தப் புற்றுநோய் வந்து குணமான ஒருவர், இன்று ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேலைக் களைப்பு என்று அவரும் விட்டுவிடுவார், பழைய கதை தெரியாத டாக்டரும் விட்டுவிடுவார். ஆனால் அன்று ஏற்றிய கீமோவில் டாக்ஸோரூபிசின் இருந்திருந்தால், உடனே இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த மருந்தின் மொத்த அளவு கூடக் கூட, பல ஆண்டுகள் கழித்து இதயம் பலவீனமாகும் ஆபத்தும் கூடும். சிஸ்பிளாட்டின் காதைப் பாதிக்கலாம். கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்குத் தைராய்டைக் கவனிக்க வேண்டும்.

எந்த மருந்து, எவ்வளவு ஏற்றினார்கள்?

ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சென்னை தூரம், பெங்களூரு பக்கம். 1973-இல் அங்கே தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிப் பஸ்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. சிகிச்சை விவரம்தான் அவ்வளவு சுலபமாக இந்தப் பக்கம் வருவதில்லை. வந்த காகிதங்களும் ஏதோ ஒரு துணிக்கடைக் கட்டைப்பையில் கிடக்கும், வாடகை வீடு மாறும்போது தொலைந்தும் போகும்.

டிஜிட்டல் மருத்துவம் என்றதும் ஆப், ஸ்மார்ட் வாட்ச் என்று பேச்சு ஓடுகிறது. இவர்களுக்கு முதலில் தேவை, போனில் பத்திரமாக இருக்கும் ஒரே ஒரு பக்கம். ஐரோப்பாவில் உருவான 'சர்வைவர்ஷிப் பாஸ்போர்ட்', அமெரிக்காவின் 'பாஸ்போர்ட் ஃபார் கேர்' இரண்டும் அதைத்தான் தருகின்றன: வாங்கிய சிகிச்சையை உள்ளிட்டால், இனி எந்தப் பரிசோதனை, எப்போது என்று சொல்லும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை, சிகிச்சை முடித்த குழந்தைகளுக்காக 1991-லேயே தனி கிளினிக் தொடங்கிவிட்டது.

நம்மிடம் 14 இலக்க 'ஆபா' சுகாதார அடையாள எண் இருக்கிறது. மருத்துவமனை தன் பதிவுகளை அதில் இணைத்தால், எந்த மாநில டாக்டரும் பார்க்கலாம், நோயாளி அனுமதித்தால் மட்டும். அந்த அனுமதி சின்ன விஷயமல்ல. கல்யாணப் பேச்சிலும் வேலை இன்டர்வியூவிலும் புற்றுநோய் வந்ததை மறைக்கிற வீடுகள் இங்கே ஏராளம்; அவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது ஓசூர் இருக்கும் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் அந்தத் திட்டம், புற்றுநோயிலிருந்து மீண்ட இளைஞர்களையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை, சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒவ்வொரு மருந்தின் மொத்த டோஸையும், ரேடியேஷன் கொடுத்த இடத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.