பரணில் பழைய காமிக்ஸ் இருக்கா? ஆன்லைனில் விற்கும் முன் இதை கவனிங்க!

பழைய காமிக்ஸை எடைக்குப் போட்டுடாதீங்க. 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-ல் வந்த லயன், ராணி காமிக்ஸ் இதழ்களைத் தேடும் வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

விலை எப்படி வைப்பது?
பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. அட்டை இருக்கா, பக்கம் குறையுதா, ஸ்டேபிள் பின் துருப்பிடிச்சிருக்கா என்றுதான் வாங்குபவர் பார்ப்பார். குறைகளை போட்டோவிலேயே காட்டிடுங்க. ஒருமுறை ஏமாந்தவர் திரும்ப வரமாட்டார். முதல் பதிப்பா, மறுபதிப்பா என்பதையும் சொல்லுங்க. மாயாவி கதைகள் மறுபதிப்பாகவும் வந்திருக்கின்றன.

எப்படி அனுப்புவது?
பிளாஸ்டிக் கவரில் போட்டு, இருபுறமும் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்க. எடை போட்டு, தபால் செலவை முன்பே சொல்லிடுங்க.

பணம் வாங்கும்போது உஷார்!
யுபிஐ-யில் பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. 'ஸ்கேன் பண்ணி நம்பர் போடுங்க, பணம் வரும்' என்றால் அது மோசடி.

இதைச் செய்யாதீங்க
நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை விற்கலாம். ஆனால் அதை ஸ்கேன் செய்து, அனுமதி இல்லாமல் பிடிஎஃப் ஆக விற்பது காப்புரிமை மீறல்.