நல்லதண்ணியும் புவேனோஸ் ஐரெஸும்

மூணாறில் கூடும் மூன்று ஆறுகளில் ஒன்றின் பெயர் நல்லதண்ணி. அங்கிருந்து தேவிகுளம் வழியாகப் போனால் பெரியகானல், அப்புறம் சின்னக்கானல். மறையூர் தாண்டி உடுமலைப்பேட்டைக்கு இறங்கினால் எல்லையில் சின்னாறு. இடுக்கி அணையில் தேங்குவது பெரியாறு. நல்ல, பெரிய, சின்ன என்ற இந்தப் பெயரடைகள் எதற்கு முன்னால் வந்தாலும் உருவம் மாறுவதில்லை. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல மாடுகள்; எல்லாவற்றுக்கும் அதே ‘நல்ல’தான்.

ஸ்பானிஷில் அப்படி விட மாட்டார்கள். அதற்கும் ஊர்ப்பெயர்களே சாட்சி. கோஸ்ட்டா என்றால் கடற்கரை. அம்மொழியில் அது பெண்பால். ஆகவே வளமான கடற்கரை ‘கோஸ்ட்டா ரிக்கா’. புவேர்ட்டோ என்றால் துறைமுகம், ஆண்பால். ஆகவே ‘புவேர்ட்டோ ரிக்கோ’. பெயரடை ஒன்றுதான், வால் மட்டும் ஆ, ஓ என்று மாறுகிறது. பன்மை வந்தால் ‘ஸ்’ ஒட்டும்: புவேனோஸ் ஐரெஸ், அதாவது நல்ல காற்றுகள். ‘கிராண்டே’ போல ஏகாரத்தில் முடிபவை பால் பார்ப்பதில்லை. பன்மைக்கு மட்டும் ‘கிராண்டேஸ்’ ஆகும்.

இன்னொரு வேறுபாடு, இடம். நாம் ‘பெரிய ஆறு’ என்போம். அவர்கள் பெரும்பாலும் ‘ஆறு பெரிய’ என்பார்கள்: ரியோ கிராண்டே. புவேனோஸ் ஐரெஸில் போலப் பெயரடை முன்னாலும் வரலாம்; ஆனால் சிலவற்றை அப்படி முன்னால் தூக்கி வைத்தால் பொருளே மாறிவிடும். ஓம்ப்ரே என்றால் ஆள். ‘ஓம்ப்ரே கிராண்டே’ ஆள் பெரிய உருவம். ‘கிரான் ஓம்ப்ரே’ (முன்னால் வரும்போது கிராண்டே இப்படிச் சுருங்கும்) பெரிய மனுஷர். ‘ஓம்ப்ரே போப்ரே’ காசில்லாத ஏழை. ‘போப்ரே ஓம்ப்ரே’ என்றால், பாவம் அந்த மனுஷன்!

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்பது பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கத்துத் தமிழருக்குப் பழக்கமானதுதான். ‘வலிய’ தமிழில் வலிமையான, மலையாளத்தில் பெரிய. ‘வெளுத்த’ சட்டை நமக்குச் சாயம் போனது. மலையாளத்தில் வெள்ளைச் சட்டை. அங்கே பேசுபவரின் மொழியைப் பார்த்துப் பொருள் கொள்கிறோம். ஸ்பானிஷில் சொல் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை: பெயரடையைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘காசா பிளாங்கா’, வெள்ளை வீடு, என்று பெயரோடு சேர்த்தே படியுங்கள். பாலும் இடமும் கூடவே மனதில் பதிந்துவிடும்.